புல் வெட்டும் இன்ஜினில் ஜெனரேட்டர் செய்யலாமா?

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் 52 சிசி டூ-ஸ்ட்ரோக் புல் வெட்டும் மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது. அதன் இன்ஜினோடு காயலான் கடையில் வாங்கிய கார் ஆல்டர்னேட்டரை (கார் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ) சேர்த்து, 5000 ரூபாய்க்குள் ஒரு ஜெனரேட்டர் செய்யவேண்டும். நான்கு பேர் சாமியார்பேட்டைக் கடற்கரைப் பக்கம் நண்பருடைய சவுக்குத் தோப்பில் இரண்டு ராத்திரி கூடாரம் போடப் போகிறார்கள். இரண்டு லைட், ஒரு ஃபேன், போன்களுக்கும் கேமராவுக்கும் சார்ஜ், முடிந்தால் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. இதெல்லாம் ஓடுமா என்பது கேள்வி. செய்ய முடியுமா என்றால் முடியும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த இரண்டு ராத்திரிக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும், அதை இந்த இன்ஜின் தாங்கிக் கொடுக்குமா, அது ஓடும்போது பக்கத்தில் மனுஷன் படுக்க முடியுமா என்று கேட்டிருந்தால் பதில் இன்னும் உபயோகமாக இருக்கும். நான் அதற்கே பதில் சொல்கிறேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த பிறகு, கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வயலில் தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல ஒரு டைனமோ மாட்டிக் குடுங்கண்ணே" என்று நின்றவர்கள் நிறையப் பேர். 2020-இல் நிவர், 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரியைப் புரட்டிப்போட்ட ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இதே வேலை வரும். ஆகவே ஆல்டர்னேட்டர், பேட்டரி, ஒயரிங் பற்றி நான் சொல்வது கைப்பட்ட விஷயம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைப் பிரித்துப் பிஸ்டன் மாற்றுவது என் வேலை இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதை ஒரு நல்ல இன்ஜின் மெக்கானிக்கிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 9 வாட் எல்இடி பல்பு இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 90 வாட்-மணி. சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், அதைத் தோப்பில் எங்கே தொங்கவிடுவீர்கள்? கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மேஜை ஃபேன் 30 வாட்டில் ஓடிவிடும். எட்டு மணி நேரத்துக்கு 240. போன் ஒன்றுக்குச் சார்ஜர் நஷ்டத்தையும் சேர்த்து 20 என்று வைத்தால் நான்குக்கு 80. கேமரா, பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் எல்லாம் 30. கூட்டினால் 440. ஈபி பில்லில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஒரு ராத்திரிக்கு உங்கள் தேவை அரை யூனிட்கூட இல்லை. 12 வோல்ட் பேட்டரிக் கணக்கில் இது 37 ஆம்பியர்-மணி. இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக மாற்றினால் அதில் ஆறில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோ வீணாகும், 43 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ராத்திரிக்கு 86. கொசுவுக்காகத்தான் ஃபேன் என்றால் ஒரு கொசுவலை வாங்கிவிடுங்கள், கணக்கில் பாதிக்கு மேல் அங்கேயே கழிந்துவிடும்.

இண்டக்‌ஷன் அடுப்பை மறந்துவிடுங்கள். அது 1200 முதல் 2000 வாட் வரை கேட்கும். 2000 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து எடுக்க 165 ஆம்பியருக்கு மேல் போகவேண்டும், இன்வெர்ட்டர் நஷ்டம் தனி. கட்டைவிரல் கனத்துக்கு ஒயர் வேண்டும், பேட்டரி சில நிமிடத்தில் முனக ஆரம்பிக்கும். பெட்ரோலை எரித்துக் கரண்ட் ஆக்கி, அந்தக் கரண்டை மறுபடி சூடாக்கித் தோசை சுடுவது அநியாயம். சின்ன கேஸ் அடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள்.

அரை யூனிட் என்று தெரிந்த பிறகு நியாயமாக எழும் கேள்வி, ஜெனரேட்டரே எதற்கு என்பது. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியைக் கழற்றி எடுத்துப்போனால் உங்கள் இரண்டு ராத்திரியும் பாதிக்குச் சற்று மேல் இறங்கியதோடு முடிந்துவிடும். 50 கிலோவுக்கு மேல் எடை, இரண்டு பேர் தூக்கவேண்டும், சாய்க்கக்கூடாது, அவ்வளவுதான் கஷ்டம். காரில் போவதாக இருந்தால் இன்னும் லேசு. கார் என்பதே இன்ஜினும் ஆல்டர்னேட்டரும் சேர்த்துப் பூட்டிய ஜெனரேட்டர்தான். சைலன்சர், கூலிங், வோல்டேஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் எல்லாம் கம்பெனியே பார்த்துப் பார்த்து வைத்தது. கடலூரிலிருந்து போகிற ஓட்டத்திலேயே போன்கள் நிரம்பிவிடும். இரண்டு ராத்திரிக்கு மட்டும் என்றால் என் பதில் இதுதான்: பேட்டரியை எடுத்துப்போங்கள், இன்ஜின் வேண்டாம். நான்கைந்து நாள் தங்குவது, புயல் காலத்துக்கும் வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று நினைப்பது, அல்லது கையால் ஒன்றைச் செய்து பார்க்கவேண்டும் என்ற ஆசை: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மேலே படியுங்கள். மூன்றாவது காரணம் எனக்கும் பிடித்த காரணம்தான்.

செய்யும்போது ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். இன்ஜின் பேட்டரியை நிரப்பவேண்டும். லைட்டும் ஃபேனும் பேட்டரியிலிருந்து ஓடவேண்டும். இன்ஜின் பகலில் இரண்டு மணி நேரம் ஓடி நிற்கட்டும், ராத்திரி பேட்டரி பார்த்துக்கொள்ளும். 18 வாட் லைட்டுக்காக ராத்திரி பூராவும் இன்ஜினை ஓடவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோலும் போகும், தூக்கமும் போகும்.

இப்போது ஆல்டர்னேட்டர் எவ்வளவு பலம் கேட்கும் என்று பார்ப்போம். 14 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்றால் 350 வாட். கார் ஆல்டர்னேட்டர், கொடுக்கும் பலத்தில் பாதியை, நன்றாக இருந்தால் பாதிக்குச் சற்று மேல், கரண்டாக்கும். மிச்சம் சூடாகப் போகும். பெல்ட் கொஞ்சம் தின்னும். ஆக 350 வாட்டுக்கு இன்ஜின் தண்டில் 640 வாட், அதாவது முக்கால் எச்பிக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். 25 ஆம்பியருக்கு ஒரு எச்பி என்று பட்டறையில் மனக்கணக்குப் போடுவோம், பெரிதாகத் தப்பாது. 50 ஆம்பியர் கேட்டால் இரண்டு எச்பி. சின்ன இன்ஜினை அதன் ஸ்டிக்கரில் போட்ட பலத்துக்கு மணிக்கணக்கில் ஓட்டக்கூடாது, முக்கால் பங்கோடு நிறுத்துங்கள்.

உங்கள் 52 சிசி இன்ஜின் இந்தக் கணக்கில் பாஸ். ஆனால் அது அந்த எச்பியைக் கொடுப்பது நிமிடத்துக்கு 6500, 7000 சுற்றில். கையில் பிடித்துப் புல்லை வெட்டி, இடையிடையே ஆக்சிலேட்டரை விட்டு மூச்சு வாங்கும் வேலைக்குச் செய்த இன்ஜின் அது. ஒரே வேகத்தில் ஒரே லோடில் இரண்டு மணி நேரம் நின்ற இடத்தில் ஓடுவது அதற்குப் பழக்கமில்லை. லோடுக்கு ஏற்ப வேகத்தைத் தானே சரிசெய்யும் கவர்னரும் கிடையாது. பேட்டரி நிரம்பிக்கொண்டே வரும்போது ஆல்டர்னேட்டர் பிடிக்கும் லோடு குறையும், யாரும் ஆக்சிலேட்டரைக் குறைக்காவிட்டால் இன்ஜின் அலற ஆரம்பிக்கும். இன்னொரு சங்கடம்: முன்னால் இருக்கும் கிளட்ச் டிரம் நேராகத் தண்டைச் சுழற்றத்தான் இருக்கிறது. அதில் புல்லி மாட்டிப் பெல்ட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் அந்தச் சின்ன பேரிங் வெகுநாள் நிற்காது. டிரம்முக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் பேரிங் பிளாக், ஒரு ரப்பர் கப்ளிங் வைத்துச் செய்தால் தாங்கும். அந்த வேலைக்கே லேத் பட்டறையில் கணிசமாகப் போய்விடும். எத்தனை நாள் உழைக்கும் என்பது இன்ஜினின் பிராண்டு, கலக்கும் ஆயில், ஓட்டுகிற ஆள் என்று மாறும். பெட்ரோலில் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் எந்த அளவு கலக்கவேண்டும் என்பதை மெஷினோடு வந்த தாளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், யார் சொன்னதையும் கேட்டுச் செய்யாதீர்கள்.

நான் சிபாரிசு செய்வது வயலில் தண்ணீர் இறைக்கும் இரண்டு இஞ்ச் பம்பில் வரும் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின். ஹோண்டா ஜிஎக்ஸ்160, அல்லது அதே அச்சில் வந்த சீனா இன்ஜின்கள். பம்ப் உடைந்து, உப்புத் தண்ணீரில் இம்பெல்லர் அரித்து, இன்ஜின் மட்டும் நன்றாக இருக்கும் செட்டுகள் குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டைப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். இதில் கவர்னர் உண்டு, தண்டு பக்கவாட்டு இழுப்புக்கு ஓரளவு தாங்கும், ஆயில் தனியாக அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். முழு வேகம் 3600 சுற்று. நமக்கு வேண்டியது ஒரு எச்பிதான் என்பதால் 2500 சுற்றிலேயே ஓட்டிக்கொள்ளலாம், சத்தம் பாதியாகத் தெரியும். புல்லி செய்யக் கொடுக்கும் முன் தண்டை வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். சிலவற்றில் முக்கால் இஞ்ச், அதாவது 19.05 மில்லி, சிலவற்றில் 20 மில்லி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், புல்லி ஏறாது அல்லது ஆடும்.

ஆல்டர்னேட்டர் நிதானமாகச் சுற்றினால் கரண்ட் தராது. 1500 சுற்றுக்கு மேல்தான் கண் விழிக்கும், 5000, 6000-இல்தான் அதன் முழுப் பலம். ஆல்டர்னேட்டரில் இருக்கும் புல்லி இரண்டரை இஞ்ச் இருந்தால் இன்ஜினில் ஐந்து இஞ்ச் புல்லி போடுங்கள். 2500 சுற்று அங்கே 5000 ஆகிவிடும். சுற்றும் திசையில் நிறையப் பேருக்குக் குழப்பம். இந்தப் பம்ப் இன்ஜின்கள் தண்டின் முனையைப் பார்த்து நின்றால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கார் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் அதன் புல்லியைப் பார்த்து நின்றால் கடிகாரத் திசையில் சுற்றும்படி செய்தது. எந்தப் பக்கம் சுற்றினாலும் கரண்ட் வரும், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு உள்ளே இருக்கிறது. ஆனால் விசிறி இறக்கை வளைந்திருப்பது ஒரு திசைக்கு. மாற்றிச் சுற்றினால் காற்று சரியாக இழுக்காது, அரை மணியில் தொட முடியாத சூடு. வழி சுலபம். ஆல்டர்னேட்டரை இன்ஜினுக்கு எதிர்முகமாகத் திருப்பி வையுங்கள். புல்லிகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும், இன்ஜின் பெல்ட்டுக்கு இந்தப் பக்கம், ஆல்டர்னேட்டர் உடம்பு பெல்ட்டுக்கு அந்தப் பக்கம். அப்போது அது தனக்குப் பிடித்த திசையிலேயே சுற்றும். நேர்கோடு சரியா என்பதற்கு இரண்டு புல்லி முகத்திலும் ஒரு இரும்பு ஸ்கேலைச் சாய்த்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியக்கூடாது. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கவேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் போகும், தளர்ந்தால் லோடு ஏறும்போது கத்தும்.

காயலான் கடையில் ஆல்டர்னேட்டர் பொறுக்கும்போது பழைய மாருதி 800, ஆம்னி வண்டியில் வந்த மாதிரியான, ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் சின்ன வகையைத் தேடுங்கள். பின்னால் பி என்று ஒரு பெரிய போல்ட்டு, சாக்கெட்டில் ஐஜி, எல் என்று இரண்டு முனை இருக்கும். புது மாடல் கார்களில் பலவற்றில் ஆல்டர்னேட்டரை வண்டிக் கம்ப்யூட்டர் அடக்கி ஆளும். அதைத் தனியாகக் கழற்றி வந்து மாட்டினால் நம் சொல் கேட்காது, மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். கையால் சுற்றிப் பாருங்கள்: மணல் அரைபடும் சத்தம் என்றால் பேரிங், அதை மாற்றிக்கொள்ளலாம். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆடவே கூடாது. மல்டிமீட்டரை டயோடு அளவில் வைத்து, பி போல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு முறை, கம்பியை மாற்றி ஒரு முறை அளவுங்கள். ஒரு பக்கம் எண் காட்டி மறுபக்கம் காட்டாமல் இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் சைபர் காட்டினால் டயோடு போனது. முடிந்தால் பின்மூடியைக் கழற்றிக் கார்பன் பிரஷ் நீளம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். நம் ஊர்க் கடற்கரை வண்டியில் இருந்து வந்ததென்றால் சாக்கெட் முனைகளில் பச்சைக் களிம்பு இருக்கும், உப்புத்தாளால் சுரண்டி எடுத்துவிட்டுக் கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

ஒயரிங்கில் மூன்றே விஷயம்தான், ஆனால் மூன்றும் முக்கியம். ஒன்று, ஆல்டர்னேட்டர் தானாக எழாது. உள்ளே சுற்றும் காயிலுக்குப் பேட்டரியிலிருந்து முதல் கரண்ட் போகவேண்டும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சுவிட்ச், சுவிட்சிலிருந்து நேராக ஐஜிக்கு ஒரு ஒயர், இன்னொன்று 12 வோல்ட் 3 வாட் பல்பு வழியாக எல் முனைக்கு. கார் டேஷ்போர்டில் சாவி போட்டதும் எரிந்து இன்ஜின் ஓடியதும் அணையும் பேட்டரி லைட் இதுதான். இந்தச் சுவிட்சை அணைத்து வைத்துக் கயிறு இழுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், சூடாகி ஒரே சீராக ஓடியதும் சுவிட்சைப் போடுங்கள். ஸ்டார்ட் ஆகும்போதே லோடு இருந்தால் கை வலிக்கும்வரை இழுக்கவேண்டியதுதான். பல்பு அணைந்து, பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 15-ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், ரெகுலேட்டர் போனது. இரண்டாவது, ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றவே கூடாது. லோடு திடீரென்று போனதும் வோல்டேஜ் பாய்ந்து எகிறும், டயோடும் ரெகுலேட்டரும் ஒரு நொடியில் போகும், கூட மாட்டியிருக்கும் இன்வெர்ட்டரும் போகலாம். மூன்றாவது பியூஸ். பி போல்ட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயர் 10 ஸ்கொயர் எம்எம் செம்பு, ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். பியூஸ் 60 ஆம்பியர், அது பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். ஒயர் உரசி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டப்போவது பேட்டரிதான். பியூஸ் ஆல்டர்னேட்டர் பக்கம் இருந்து பிரயோஜனமில்லை.

50 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்பதால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணியில் நிரம்பிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். ஈயப் பேட்டரி பசித்திருக்கும்போது 20, 25 ஆம்பியர் வாங்கும். முக்கால் வயிறு நிரம்பியதும் 10, பிறகு 5 என்று குறைத்துக்கொண்டே போகும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஆகும், அதற்காக இன்ஜினை ஓட்டுவது வீண். பாதியிலிருந்து எண்பது சதவீதம் வரை ஏற்றிவிட்டு நிறுத்துங்கள், ஊருக்குத் திரும்பியதும் வீட்டுச் சார்ஜரில் முழுதாக நிரப்புங்கள். லித்தியம் பேட்டரி இதற்கு நேர்மாறு. கொடுப்பதையெல்லாம் கடைசிவரை விழுங்கும், ஆல்டர்னேட்டர் மூச்சு விடாமல் முழு லோடில் ஓடிச் சூட்டில் கருகும். லித்தியம் வைத்திருந்தால் நடுவில், பேட்டரி இழுக்கும் கரண்டை அளவோடு நிறுத்தும் 20 அல்லது 30 ஆம்பியர் டிசி-டு-டிசி சார்ஜர் கட்டாயம். அதன் விலை உங்கள் 5000-ஐத் தாண்டிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல் செலவு. ஒரு எச்பி லோடில் அந்தப் பம்ப் இன்ஜின் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் முக்கால் லிட்டருக்குள் குடிக்கும், கார்புரேட்டர் நிலையைப் பொறுத்து மாறும். இரண்டு மணிக்கு ஒன்றேகால் லிட்டர் என்று வைத்தால், கிடைப்பது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. யூனிட் ஏறக்குறைய 200 ரூபாய். புதுச்சேரி எல்லையைத் தாண்டிப் போட்டால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம், கடலூர்க்காரர்களுக்கு அதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பெட்ரோலை மினரல் வாட்டர் பாட்டிலிலும் கோலா பாட்டிலிலும் வாங்கிப்போகும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம் விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள விடுகிறது, ஆனால் இறுக்கி மூடிய தகரக் கேனில். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய இன்ஜினின் ரப்பர் டியூப், டயாஃப்ரம் இவற்றை ஊறவைத்துக் கெடுக்கும். முகாம் முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அடுத்த வருஷப் புயலுக்கு ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். கடற்கரை மணல் நுணுக்கமானது. ஏர் ஃபில்டர் ஃபோம் வகை என்றால் இன்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள்.

இனி சொல்லப்போவதில் பேரம் கிடையாது. இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனை இல்லை, நிறம் இல்லை, காற்றின் எடைக்கு ஏறக்குறைய சமம் என்பதால் தரையில் படியாது, மேலேயும் போகாது, நம்மோடு சேர்ந்து சுற்றும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு அசதி. அசதியில் படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். மழை வந்துவிட்டது என்று இன்ஜினைக் கூடாரத்துக்குள்ளோ, திண்ணைக்கோ, கார் டிக்கிக்கோ கொண்டுவரக்கூடாது. கூடாரத்திலிருந்து குறைந்தது 20 அடி, காற்று கூடாரத்தைத் தாண்டிப் போகும் பக்கத்தில், சைலன்சர் வாய் வெளிப்பக்கம் பார்த்து. கடற்கரையில் பகலில் கடல்காற்று கரைக்கு வரும், ராத்திரி திசை திரும்பும். பகலில் மட்டும் ஓட்டச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

சவுக்குத் தோப்பு என்பதால் இன்னொரு பயம் எனக்கு. தரையில் மெத்தை போல் கிடக்கும் காய்ந்த சவுக்குச் சருகு ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். சைலன்சர் சில நூறு டிகிரிக்குப் போகும். இன்ஜின் வைக்கும் இடத்தைச் சுற்றி ஐந்தடிக்கு மண் தெரியச் சருகை வாரிவிட்டு, கீழே ஒரு பழைய ஓடு அல்லது சிமெண்ட் ஸ்லாப் போட்டு, பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள். பெட்ரோல் ஊற்றுவதென்றால் இன்ஜினை நிறுத்தி, சைலன்சர் ஆறிய பிறகு. பேட்டரியும் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும்; அதை மூடிய பெட்டிக்குள் வைத்து, அதன் மேல் குனிந்து பீடி பற்றவைத்தால் வெடிக்கும். பெல்ட்டுக்குத் தகரத்தில் ஒரு மூடி கட்டாயம். லுங்கி கட்டிக்கொண்டு ஓடும் பெல்ட் பக்கத்தில் நிற்பவரைப் பட்டறையில் கண்டால் நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். புயல் சமயத்தில் இதை வீட்டுக்கு வைத்துக்கொள்வதாக இருந்தால், இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேனைக் கொல்லும்.

யூடியூபில் பார்த்த மற்ற வழிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் மோட்டாரில் கெப்பாசிட்டர் மாட்டி இன்ஜினால் சுற்றி 230 வோல்ட் எடுக்கலாம் என்பது நிஜம். ஆனால் லோடு கொஞ்சம் கூடினால் வோல்டேஜ் படுத்துவிடும், குறைந்தால் 300-ஐத் தாண்டும், நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர் அடிக்கும். தெரிந்தவர் கூட இல்லாமல் தொடாதீர்கள். மோட்டார் டைனமோவைச் சுற்ற, அந்த டைனமோவே மோட்டாரையும் ஓட்டி மிச்சத்துக்கு பல்பும் எரிக்கும் வீடியோக்கள் இருக்கின்றனவே, அவை சுத்தப் பொய். மேஜைக்கு அடியில் ஒரு ஒயர் போகும், கேமரா அங்கே திரும்பாது.

கடைசியாக 5000 ரூபாய். புல் வெட்டும் இன்ஜின் உங்களிடமே இருக்கிறது என்பதால் பழைய ஆல்டர்னேட்டர், தண்டு, பேரிங் பிளாக், புல்லி, ஆங்கிள் இரும்பில் ஒரு ஃப்ரேம், பியூஸ், ஒயர் எல்லாம் அந்தப் பணத்துக்குள் அடங்க வாய்ப்பு உண்டு. பேட்டரி அதில் சேராது. பம்ப் இன்ஜின் வாங்குவதாக இருந்தால் அடங்காது. எந்த வழியில் போனாலும் முதலில் ஆல்டர்னேட்டரை மட்டும் வாங்கி, அருகில் உள்ள ஏதாவது ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் டெஸ்ட் பெஞ்சில் போட்டுச் சார்ஜ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு அதன் பிறகு லேத்துக்குப் போங்கள். பின்பக்கச் சாக்கெட்டை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போட்டால் எந்த முனைக்கு எந்த ஒயர் என்று வரைந்து தருகிறேன்.